நுண்கால்வாய்களும் ஓர் எந்திரவியலாளரின் ஆராய்ச்சி வாழ்வும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஒரு கல்விச் சங்கம் 25 ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. கூலி உழைப்பில் மிச்சப்படுத்திய காசைக் கொண்டு பிறர் பிள்ளைக்கும் புத்தகம் வாங்கித் தந்த கைகள் இம்மன்றத்தில் இருக்கின்றன. அக்கைகளை முதற்கண் வணங்கி, நம் உரையைத் தொடங்குகின்றோம்.

வெள்ளி விழா என்றால் கணக்குப் பார்க்கும் வேளை. எத்தனை பேர் பள்ளியிறுதி தேறினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று பட்டியலிடுவோம், அது வேண்டியதே. ஆயினும் இன்று நாம் எழுப்ப விரும்பும் வினா வேறொன்று. பொறியியல் பட்டம் பெற்ற நம் பிள்ளை அதற்கு மேல் எங்கே செல்கின்றான்? அறிவைப் பிறரிடமிருந்து பெறுவதோடு நில்லாது, புதிதாய் அறிவைப் படைக்கும் இடத்திற்கு நம்மில் எத்தனை பேர் சென்றுள்ளனர்? எந்திரவியல் பயிற்றும் தொழிலில் இருக்கும் நாம், நம் துறையைச் சேர்ந்த ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சி வாழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய எண்ணுகின்றோம்.

எந்திரப் பொறியியல் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன யாவை? உலை, உருளை, பற்சக்கரம், கொதிகலன், லாரியின் எஞ்சின், கிணற்றடி மோட்டார். அளவில் பெரியனவும், சத்தம் மிக்கனவும், எண்ணெய் மணப்பனவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கடந்த 50 ஆண்டுகளில் இத்துறையிலிருந்து கிளைத்த ஒரு பிரிவு, மயிரிழையின் பருமனே உள்ள கால்வாய்களில் நீரும் குருதியும் எவ்வாறு ஓடுகின்றன என்று ஆராய்கின்றது. மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என வழங்கும் அதனைத் தமிழில் நுண்பாய்மவியல் எனலாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் ஏறத்தாழ 70 முதல் 100 மைக்ரான் பருமன் உடையது. நம் உடம்பின் மிக நுண்ணிய குருதிக் குழாய் 5 முதல் 10 மைக்ரான் அகலமே உடையது. இத்தகைய வாய்க்கால்களே அத்துறையின் களம்.

சிறியதை ஆராய்வதில் அப்படி என்ன புதுமை, பெரிய வாய்க்காலின் கணக்கையே சுருக்கி எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அளவு குறையும்போது இயற்கையின் ஆட்சி முறையே மாறிவிடுகின்றது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1883 ஆம் ஆண்டில், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயக் கீற்றொன்றைச் செலுத்திப் பார்த்தார். வேகம் குறைவாயின் சாயம் கோடு போட்டாற்போல் நேரே சென்றது. வேகம் மிகுந்தபோது சுழித்துக் கலங்கியது. நீரை முன்னோக்கித் தள்ளும் உந்தத்திற்கும் அதனைப் பிடித்திழுக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதமே இதனை முடிவு செய்கின்றது. அவ்விகிதத்திற்கு இன்று ரெனால்ட்ஸ் எண் என்று பெயர். குழாய்களில் அந்த எண் ஏறத்தாழ 2,000 ஐத் தாண்டிய பின்னரே சுழிப்பு தோன்றுகின்றது. மயிரிழை அளவான கால்வாயில் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்கு அந்த எண் 0.1 மட்டுமே. ஆகவே அங்கே சுழிப்பு என்பதே கிடையாது. இரண்டு நீரோட்டங்களை அருகருகே விட்டால், ஒரே படுக்கையில் விரித்த இரு பாய்களைப்போல் ஒன்றோடொன்று கலவாமல் பக்கம் பக்கமாய்ச் செல்லும்.

அப்படியாயின் மருந்தும் குருதியும் அங்கே எவ்வாறு கலப்பது? விரவல் என்னும் மெதுவான நிகழ்ச்சியால்தான். இதிலும் ஒரு வியப்பு உண்டு. விரவலுக்கு ஆகும் காலம் தொலைவின் இருமடி விகிதத்தில் வளர்வது. சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறு அசைவற்ற நீரில் ஒரு சென்டிமீட்டர் பரவ அரை நாளுக்கும் மேலாகும். ஒரு மில்லிமீட்டர் பரவச் சில நிமிடங்கள் ஆகும். பத்து மைக்ரான் பரவ ஒரு வினாடியின் சிறு பகுதியே போதும். எனவே கால்வாயைப் போதிய அளவு குறுக்கிவிட்டால், பெரிய ஆய்வகத்தில் மணிக்கணக்கில் நடக்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு துளிக் குருதியே போதுமானதாகும்.

இன்னொரு நியதியும் உண்டு. பாரிஸ் நகரத்து மருத்துவர் புவாசேய், நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீர்மங்களைச் செலுத்தி, 1840 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு விதியை நிறுவினார். குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் நீரின் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது அதன் சாரம். அவரைத் தூண்டிய வினா உடம்பில் குருதி எவ்வாறு ஓடுகின்றது என்பதே. ஆகவே நுண்கால்வாயில் அழுத்தம் கொடுத்து நீரைத் தள்ளுவது கடினம். ஆனால் இயற்கை வேறு வழிகளைத் திறந்து வைத்துள்ளது. விளக்குத் திரியில் எண்ணெயை யார் ஏற்றுகின்றார்? பரப்பு இழுவிசை ஏற்றுகின்றது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் தானே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம் ஏறி நிற்கும். மின்புலத்தைக் கொண்டும் நீரை நகர்த்தலாம். 1809 ஆம் ஆண்டிலேயே மாஸ்கோவில் ராய்ஸ் என்பவர், களிமண்ணின் நுண்துளைகளினூடே மின்சாரம் நீரை இழுத்துச் செல்வதைக் கண்டறிந்தார்.

இப்பழைய அறிவெல்லாம் ஒரு துறையாகத் திரண்டது அண்மைக் காலத்திலேதான். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், வாயுக்களைப் பிரித்தறியும் கருவி ஒன்றைச் சிலிக்கான் வில்லையின்மேல் செதுக்கி அமைத்தனர். 1990 இல் ஆந்திரியாஸ் மான்ஸும் அவருடன் பணியாற்றியோரும், ஓர் ஆய்வகத்தின் முழு வேலையையும் சிறு சில்லொன்றில் அடக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தனர். 2007 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர், சாதாரணத் தாளின்மேல் நீர் புகாத கரைகளை வரைந்து, தாளையே கால்வாயாக்கிக் காட்டினர். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தாளின் இழைகளே நீரை உறிஞ்சிச் செல்லும். கொரோனாக் காலத்தில் பலரும் கண்ட, இரு கோடு தோன்றும் சோதனைப் பட்டையும் இவ்வுறிஞ்சும் தன்மையால் இயங்குவதே.

அன்பர்களே, இனி நாம் சொல்ல வந்த மனிதருக்கு வருவோம். அவர் பேராசிரியர் சுமன் சக்கரவர்த்தி. வங்காளத்தவர். கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் பயின்று 1996 இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். 2002 ஆம் ஆண்டில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அவர் சேர்ந்த இடத்தைப் பற்றியும் ஒரு சொல். கரக்பூர் ஐ.ஐ.டி. 1951 இல் தோன்றியது. இந்நாட்டின் முதல் ஐ.ஐ.டி. அதுவே. அது தொடங்கப்பட்ட கட்டடம் ஆங்கிலேயர் ஆட்சியில் விடுதலைப் போராளிகளை அடைத்து வைத்த ஹிஜ்லி தடுப்புக் காவல் முகாம். 1931 இல் அங்கே கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு இருவர் மாண்டனர். சிறைக்கூடம் கல்விக்கூடமானது என்றால், அம்மாற்றத்தின் பொருளை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

சக்கரவர்த்தி அவர்களின் முனைவர் பட்டக் காலத்து ஆராய்ச்சி நுண்கால்வாய்களைப் பற்றியதன்று. உருகிய உலோகம் உறையும்போதும், லேசர் ஒளியால் உலோகப் பரப்பு உருகும்போதும் வெப்பமும் பாய்மமும் எவ்வாறு இயங்குகின்றன என்னும் கணக்குகளிலேயே அவர் தொடக்கத்தில் ஈடுபட்டார். அது பெரும் வெப்பமும் கனத்த உலோகமும் கொண்ட உலகம். அங்கிருந்து குருதித் துளியின் உலகுக்கு அவர் எவ்வாறு வந்தார்? நிறை, உந்தம், ஆற்றல் என்னும் மூன்றின் காப்பு விதிகள் இரண்டு உலகிற்கும் பொதுவானவை. வேரை உறுதியாய்ப் பற்றியவன் எந்தக் கிளைக்கும் தாவலாம். மாணவச் செல்வங்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்க. தேர்வுக்கு முன்னிரவில் மனப்பாடம் செய்யும் வினா விடைத் தொகுப்பு ஒரு தேர்வைத்தான் கடத்தும். அடிப்படைச் சமன்பாட்டின் பொருளை உணர்ந்தது வாழ்நாள் முழுதும் கைகொடுக்கும்.

நுண்கால்வாயில் குருதி ஓடும் முறை, சுவரும் நீரும் தொடும் இடத்தில் நிகழும் வழுக்கல், மின்புலத்தால் நகரும் நீர்மம் ஆகியவற்றைக் கணக்காலும் சோதனையாலும் அவரும் அவர்தம் மாணவரும் ஆராய்ந்தனர். விலையுயர்ந்த உலோக மின்முனைகளுக்கு மாற்றாகத் தாளின்மேல் பென்சிலால் கோடு கிழித்து, அக்கோட்டின் கிராஃபைட்டையே மின்முனையாக்கிக் காட்டிய ஆய்வும் அக்குழுவினுடையதே. நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் கையில் எடுக்கும் தாளும் பென்சிலும் உலக ஆராய்ச்சி ஏடுகளில் இடம்பெறும் கருவிகளாகிவிட்டன.

2019 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வை இம்மன்றத்தில் சொல்லாமல் விடல் ஆகாது. துவைத்துக் கொடியில் உலர்த்திய பருத்தித் துணியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆய்வு அது. பருத்தி இழைகளுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத நுண்வழிகள் உள்ளன. உப்பு கலந்த நீர் அவற்றின் வழியே ஏறி, வெயிலில் ஆவியாகும்போது, மின்னேற்றம் கொண்ட துகள்களும் உடன் நகர்ந்து சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகின்றன. சலவைத் தொழிலாளர் துணி உலர்த்தும் இடத்திலேயே ஏறத்தாழ 50 துணிகளை இணைத்து, ஒரு நாள் முழுதும் மின்னைத் தேக்கி, 10 வோல்ட் அளவு பெற்று, சிறு விளக்கொன்றை ஒரு மணி நேரத்திற்கும் மேலாக எரித்தனர். மின்சாரம் சிறிதே. ஆயினும் நாம் இதிலிருந்து உணர வேண்டியது ஒன்றுண்டு. துவைத்த துணி உலர்வதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர் யார்? இழிதொழில் என்று பிறர் ஒதுக்கிய வேலைகளைச் செய்து வந்த மக்களே. நீரும், தோலும், மண்ணும், துணியும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அவர்கள் கைகள் நன்கறியும். அக்கைகளின் அறிவு சமன்பாடாக எழுதப்படாமல் போனதற்குக் காரணம், எழுதுகோல் அக்கைகளுக்கு மறுக்கப்பட்டதே.

2020 இல் கொரோனா நோய் பரவியபோது, உயிரியல் அறிஞர் ஒருவருடன் கூடிச் சக்கரவர்த்தி அவர்கள் கோவிராப் என்னும் எளிய சோதனைக் கருவியை உருவாக்கினார். அவ்வாண்டு அக்டோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஏற்பு அதற்குக் கிட்டியது. பெரிய ஆய்வகத்து எந்திரம் இன்றி, சிற்றூரிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு காணும் நோக்கத்தோடு அமைக்கப்பட்ட கருவி அது. அவருக்கு 2013 ஆம் ஆண்டின் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும், 2022 ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசும் வழங்கப்பட்டன. உலோக உலையில் தொடங்கிய பயணம் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது.

இது தனியொருவரின் வியப்பு என்று கருதிவிடல் வேண்டா. துருக்கி நாட்டு மெஹ்மெத் டோனர் என்பாரும் இஸ்தான்புல்லில் எந்திரப் பொறியியல் பயின்றவரே. அமெரிக்கா சென்று மேற்படிப்பு முடித்துப் பாஸ்டன் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஆராய்ச்சி செய்தார். கோடிக்கணக்கான குருதி அணுக்களுக்கு இடையே அலையும் ஒரு சில புற்றுநோய் அணுக்களைப் பிடித்து நிறுத்தும் சில்லொன்றை அவர் குழு 2007 இல் வெளியிட்டது. அச்சிறு சில்லில் 78,000 நுண்தூண்கள் நின்றன. தூண்களின் இடைவெளியில் குருதி எவ்வாறு ஓடும் என்னும் கணக்கு எந்திரவியல் கணக்கே.

இவ்வாழ்வுகளை ஏன் விரித்துரைத்தோம்? பேராசிரியர் என்பவர் வகுப்பெடுத்துச் சம்பளம் பெறுபவர் மட்டுமல்லர். எந்த வினா ஆராயத் தக்கது, எந்த நோய்க்கு முதலில் கருவி வேண்டும், எவ்வூர்க் கிணற்று நீர் சோதிக்கப்பட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் உள்ளது. அவர் வினவாத வினாவுக்கு எவரும் விடை தேடுவதில்லை. நம் சேரிகளின் நீரும், நம் தாய்மாரின் குருதிச் சோகையும், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்து மாண்ட நம் தோழர்களின் சாவும் ஆராய்ச்சிக்குரிய வினாக்களாக எழ வேண்டுமானால், வினா எழுப்பும் இருக்கைகளில் நம்மவரும் அமர வேண்டும். சலுகை வேண்டி இதனைக் கூறவில்லை. அறிவு முழுமை பெறுதல் வேண்டும் என்றே கூறுகின்றோம்.

அவ்விருக்கைக்குச் செல்லும் வழி எத்தகையது? ஐ.ஐ.டி. மாணவர் சேர்க்கையில் பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு வந்தது 1973 இல். மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிக்கான ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது 2019 இல். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே 46 ஆண்டுகள் உள்ளன. சட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே நடப்பவன் கால் வலுவுடையதாய் இருத்தல் வேண்டும். தகுதியுள்ள முனைவர்களே கிடைக்கவில்லை என்னும் சொல்லைச் சொல்ல எவர்க்கும் இடம் தராத அளவுக்கு நாம் முனைவர்களை உருவாக்குவோமாக.

தண்ணீரைப் பற்றிப் பேசும் இவ்வேளையில் அண்ணல் அம்பேத்கர் அவர்களை நினையாதிருத்தல் இயலாது. 1918 இல் அவர் பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். பேராசிரியர்களுக்கெனப் பொதுவாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையில் அவர் நீர் அருந்துவதை உடன் பணியாற்றியோர் சிலர் மறுத்தனர். 1927 இல் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அவர் மக்களோடு அள்ளிப் பருகினார். அக்கல்லூரியிலும் அவர் ஆசிரியர் பணியை விட்டுத் தளரவில்லை. பணியில் சேமித்த பொருளோடு மீண்டும் இலண்டன் சென்று 1923 இல் பொருளியலில் உயரிய பட்டம் பெற்றார். தொடுதல் மறுக்கப்பட்ட அந்நீரின் நுண்ணிய இயல்பை ஆராயும் இருக்கையில் அவர் வழிவந்த பிள்ளைகள் அமர்வது வரலாறு வேண்டி நிற்கும் நீதி.

பெற்றோரே, உங்கள் அச்சம் நமக்குத் தெரியாததன்று. பொறியியல் பட்டம் முடித்த மகன் உடனே பொருளீட்டினால் கடன் அடையும், தங்கையின் திருமணம் நடக்கும். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் படிப்பா என்று மனம் அஞ்சும். சில செய்திகளை அறிந்துகொள்ளுங்கள். முனைவர் பட்ட ஆராய்ச்சி என்பது கையிலிருந்து கட்டணம் செலுத்திப் படிக்கும் படிப்பு மட்டும் அன்று. உதவித்தொகை பெற்றுச் செய்யும் பணியுமாகும். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கேட் தேர்வில் தகுதி பெற்று முதுநிலைப் பொறியியலில் சேர்வோர்க்கும் மாத உதவி உண்டு. பட்டியல் இன மாணவர்க்கெனத் தேசிய ஆய்வு உதவித்தொகை தனியே உள்ளது. இவற்றை அறியாமையால் இழந்தோர் நம்மில் பலர்.

ஆயினும் உதவித்தொகை கிடைக்கும் என்பதும், மாதந்தோறும் காலத்தில் கிடைக்கும் என்பதும் வேறு வேறு. தொகை தாமதமாகும் மாதங்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை அனுப்புவார். நம் பிள்ளை விடுதியில் உணவுக்குக் கடன் சொல்வான், அல்லது ஆராய்ச்சியை விட்டு வீடு திரும்புவான். அறிவு குறைந்து விலகுவோரினும், இந்த இடைவெளியைத் தாங்கவியலாது விலகுவோரே நமக்குப் பெருங்கவலை.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, ஆராய்ச்சி மாணவர்க்கென ஓர் இடைக்கால நிதி. தொகை தாமதமாகும் மாதங்களில் கடனாக அளித்து, வந்தபின் திரும்பப் பெறும் நிதியாக அது அமையட்டும். பணம் குறையாமல் சுற்றி வரும். இரண்டாவது, கேட் தேர்வுக்கும் நெட் தேர்வுக்கும் கல்லூரி இறுதியாண்டு மாணவர்க்கு வார இறுதி வகுப்புகள். நம்முள் ஆசிரியராய் இருப்போர் ஊதியமின்றி அதனை நடத்த முன்வருதல் வேண்டும். நாம் முதற்பெயரைக் கொடுக்கின்றோம். மூன்றாவது, பள்ளிப் பிள்ளைகட்கு ஒரு சிறு ஆய்வறை. அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. வடிதாள், மெழுகு, பென்சில், மஞ்சள், சுண்ணாம்பு, ஓர் உருப்பெருக்கி இவை போதும். மெழுகால் கரை வரைந்த தாளில் மஞ்சள் நீரை ஓடவிட்டு, சுண்ணாம்பு நீர் தொட்டவுடன் அது சிவக்கும் இடத்தை ஒரு சிறுமி காண்பாளாயின், அன்றே அவள் நுண்பாய்மவியலின் முதற்பாடத்தைக் கற்றவளாவாள்.

மாணவ மணிகளே, உங்களுக்கும் ஒரு சொல். ஆராய்ச்சிக் கூடத்தில் முதலாண்டு முழுதும் சோதனைகள் தோற்கலாம். சில்லில் குமிழி புகுந்து ஓட்டம் நின்றுவிடும். ஒட்டிய மூடி கழன்றுவிடும். எழுதிய கட்டுரை திரும்பி வரும். இது எல்லார்க்கும் நேர்வது. உங்கள் பிறப்போடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை என்பதை உறுதியாய் நம்புங்கள். அவ்வாறு தொடர்புபடுத்திப் பேசுவோர் இருப்பின், தனியே இருந்து துயருறாமல், இச்சங்கத்தின் கதவைத் தட்டுங்கள். ஓர் உயிரையும் நாம் இழத்தல் ஆகாது.

நுண்கால்வாயில் நீர் ஓசையின்றி ஓடுகின்றது. ஆரவாரமின்றி அது செய்யும் வேலையோ பெரிது. இச்சங்கம் 25 ஆண்டுகளாய் அவ்வாறே உழைத்துள்ளது. அடுத்த 25 ஆண்டுகளின் பட்டியலில், பட்டம் பெற்றோர் என்னும் தலைப்பிற்கு அடுத்து, புதிய அறிவைப் படைத்தோர் என்னும் தலைப்பும் இடம்பெறுவதாக. அதன்கீழ் எழுதப்படும் முதற்பெயர் இன்று இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் பெயராக அமைவதாக.